லேபிள் இல்லாத பாட்டிலில் 2டி ஆயில்: காரைக்குடிப் பக்கம் பிரஷ் கட்டர் வாங்குவோர் கவனத்துக்கு

பிரஷ் கட்டரோ (புல் வெட்டும் மிஷின்) செயின் சாவோ (மரம் அறுக்கும் மிஷின்) வாங்கும்போது, கடைக்காரர் பழைய தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் 2டி ஆயிலை, அதாவது டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயிலை, ஊற்றிக் கொடுத்து, "லிட்டருக்கு ஒரு மூடி விடுங்க, போதும்" என்று சொன்னால் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்காதீர்கள். காரைக்குடிப் பக்கத்துக் கடை ஒன்றில் எங்களுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் வந்து இறங்குவதற்குள் வீட்டுப் பின்புறத்துப் புல்லை வெட்டி முடிக்க வேண்டிய நேரம். புது மிஷின் பாதி வேலையிலேயே சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி, நின்றது. கடையில் கேட்டால், "நீங்க கலந்தது தப்பு, வாரண்டி வராது, போர் போட்டுத் தர்றோம்" என்று, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் அந்த வேலைக்கும் பணம் கேட்டார்கள். கொடுத்த ஆயிலும் தவறு, சொன்ன அளவும் தவறு, சொன்ன ரிப்பேரும் தவறு.

முதலில் அளவு. இந்த மிஷின்களின் டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயில் தனியாக ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் கிராங்க் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் வழவழப்பு. அந்த மிஷினின் டேங்க் மூடியில் 25:1 என்று அச்சிட்டிருந்தது. அதாவது லிட்டருக்கு 40 மில்லி. தண்ணீர் பாட்டில் மூடி 10 மில்லிகூடப் பிடிக்காது. வேண்டிய ஆயிலில் கால் பங்குகூட உள்ளே போகவில்லை. 50:1 என்று போட்டிருக்கும் மிஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி. டேங்க் மூடியிலும் கையேட்டிலும் என்ன இருக்கிறதோ அதுதான் அளவு. கடைக்காரர் வாய்க்கணக்கு வேண்டாம்.

அடுத்து ஆயில். பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கண்ணாடித் தம்ளரில் பெட்ரோலை ஊற்றி அதில் விட்டுப் பார்த்தோம். பாகு மாதிரி நேரே அடியில் போய்ப் படிந்தது. நீலமோ சிவப்போ பச்சையோ எந்த நிறமும் இல்லை. நல்ல 2டி ஆயில் லேசாகக் குலுக்கினாலே பெட்ரோலில் கரைந்துவிடும், கலந்தது கண்ணுக்குத் தெரிய பெரும்பாலும் சாயமும் இருக்கும். பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயிலையே 2டி என்று கொடுத்திருக்கிறார்கள் என்பது எங்கள் முடிவு. அந்த ஆயில் எரிவதற்காகச் செய்தது அல்ல. கரியும் சாம்பலும் பிளக்கிலும் சைலன்சர் வலையிலும் அடைந்துகொள்ளும். டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கிறதா பாருங்கள். படகு என்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 தண்ணீரில் குளிரும் என்ஜினுக்கானது. காற்றில் மட்டும் குளிரும், அதுவும் நம்மூர் சித்திரை வெயிலில் ஓடும் மிஷினுக்கு அது ஒத்துவராது. சில பிரஷ் கட்டர்கள் ஃபோர் ஸ்ட்ரோக். என்ஜின் அடியில் தனி ஆயில் மூடி இருந்தால் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது.

மிஷின் நின்றதும் யாரிடமும் கொடுக்கும் முன் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். சூடு ஆறிய பிறகு, போல்ட்டுகளைக் கழற்றினால் புகை வெளியேறும் துளை வழியாக பிஸ்டன் தெரியும். ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்து பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்துங்கள். கயிறு அசையாவிட்டால் வலிந்து இழுக்க வேண்டாம், தெரிகிற பக்கத்தைப் பார்த்தாலே போதும். பிஸ்டன் பளபளவென்றிருந்து பழைய மெஷினிங் கோடுகள் மட்டும் தெரிந்தால் கோளாறு வேறு இடத்தில். மேலிருந்து கீழாக ஆழமான கீறல், ரிங்க் பள்ளத்தில் அலுமினியம் உருகி அப்பியிருந்தால் சீஸ்தான். சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால் பெரும்பாலும் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கும், அல்லது எங்காவது காற்று கசிகிறது. சுற்றிலும் கீறியிருந்தால் ஆயில் பற்றாக்குறை. எங்களுடையது சுற்றிலும். கார்ப்பரேட்டர் பக்கம் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் செம்மண் தூசி உள்ளே போயிருக்கிறது, ஏர் ஃபில்டர் சரியில்லை. அந்தத் துளை வழியாகவே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"போர் போட்டுத் தர்றோம்" என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. பழைய ஆட்டோ, ஸ்கூட்டரின் வார்ப்பிரும்பு சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். பிரஷ் கட்டரில் பெரும்பாலும் அலுமினிய சிலிண்டர், உள்ளே மெல்லிய குரோம் பூச்சு. கடைந்தால் பூச்சு போய்விடும். அலுமினியத்தின் மேல் அலுமினியம் உரசி சீக்கிரமே மறுபடி பிடித்துக்கொள்ளும். பூச்சு முழுசாக இருந்து பிஸ்டன் உலோகம் மட்டும் ஒட்டியிருந்தால் அதைப் பக்குவமாக எடுத்துவிட்டுப் புது பிஸ்டன், ரிங்க் போடலாம். பூச்சு உரிந்திருந்தால் பிளாக் (சிலிண்டர்), பிஸ்டன் இரண்டையும் செட்டாகவே மாற்ற வேண்டும்.

கலக்கும் முறை சுலபம். மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு ஒரு சிரிஞ்ச், 25:1 என்றால் இரண்டு. பெட்ரோலுக்கென்றே உள்ள கேனில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில், நன்றாகக் குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். மிஷின் டேங்கிலேயே கலக்காதீர்கள், ஆயில் அடியில் தங்கி முதலில் அதுவே கார்ப்பரேட்டருக்குப் போகும். வீட்டுக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். ஆயிலைக் கூட்டினால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். பிளக் கருப்பாக நனைந்து, சைலன்சர் அடைத்து, மிஷின் இழுவை குறைந்துவிடும்.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல கையேடுகள் 10 சதவீதம் வரைதான் சொல்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்ப்பரேட்டர் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு), ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து, கேனில் தேதி எழுதுங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

பில்லில் மிஷின் மாடலோடு கலவை அளவையும் ஆயிலின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. எங்கே ரிப்பேர் செய்தாலும் கழற்றிய பழைய பிஸ்டனையும் பிளாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். பாட்டிலில் மிச்சமிருக்கும் ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள், அதுவும் சாட்சிதான்.