‘எ’, ‘அன்’, ‘தி’: மர்பியின் இலக்கண நூலில் பதின்மூன்று பாடங்கள்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்ட கட்டுரைகளைச் செப்பம் செய்து கொடுப்பது பல ஆண்டுகளாக என் பணி. காலம் காட்டும் வினைகளில் தடுமாறாதவர்களும் நல்ல சொல்வளம் உடையவர்களும் கூட, ‘தி’ வர வேண்டிய இடத்தில் அதை விட்டுவிடுவதையும் வேண்டாத இடத்தில் சேர்த்துவிடுவதையும் அன்றாடம் பார்க்கிறேன். அத்தகையவர்களுக்கு நான் பரிந்துரைத்து வரும் நூல் ரேமண்ட் மர்பி எழுதிய ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1985இல் முதன்முதலாக வெளியிட்ட இந்நூலின் ஐந்தாம் பதிப்பு 2019இல் வந்தது. இதிலுள்ள 145 பாடங்களில் 69 முதல் 81 வரையானவை ‘எ’, ‘அன்’, ‘தி’ ஆகிய ஆர்ட்டிகிள்களையும் பெயர்ச்சொற்களையும் பற்றியவை. நான் இங்கே மதிப்பிடுவது அந்தப் பகுதியை மட்டுமே.

நூலின் அமைப்பு எளிமையானது: இடப்பக்கத்தில் விளக்கம், வலப்பக்கத்தில் பயிற்சி. ஆயினும் இந்தப் பகுதியின் உண்மையான சிறப்பு பாடங்களின் வரிசையில் இருக்கிறது. ‘எ’, ‘தி’ ஆகியவற்றைத் தொடுவதற்கு முன்பே, எண்ணக்கூடிய பெயர் எது, எண்ண முடியாத பெயர் எது என்பதை முதல் இரண்டு பாடங்கள் தெளிவாக்கிவிடுகின்றன. தமிழருக்கு இந்த இடத்தில்தான் முதல் சறுக்கல் நேர்கிறது. தமிழில் ‘ஓர் அறிவுரை’ என்கிறோம், ‘நான்கு தகவல்கள்’ என்கிறோம், ‘இன்றைய செய்திகள்’ என்கிறோம். அந்தப் பழக்கமே ‘அன் அட்வைஸ்’ என்றும் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்றும் ஆங்கிலத்தில் வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் இவை மூன்றும் எண்ண முடியாதவை என்பது மனத்தில் பதிந்தாலொழிய, அடுத்து வரும் எந்த விதியும் நிற்காது.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் சொல்லித்தரப்படும் விதி, ஒரு பொருள் முதன்முறை பேச்சில் வரும்போது ‘எ’, மறுமுறை வரும்போது ‘தி’ என்பதே. விதி சரிதான், ஆனால் அதோடு நின்றுவிடுவதால், வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லும் முதல் வாக்கியமே ‘ஷட் தி டோர்’ என்று ஏன் இருக்கிறது என்பதற்கு மாணவரிடம் விடை இருப்பதில்லை. மர்பி இதை 72ஆம் பாடத்தில் நேராகக் கையாள்கிறார்: எந்தக் கதவு, எந்த விளக்கு என்பது அந்தச் சூழலில் கேட்பவருக்குத் தெளிவாக இருந்தால் ‘தி’ வரும். முன்பு சொன்னோமா என்பதைவிட, கேட்பவர் மனத்தில் அந்தப் பொருள் இருக்கிறதா என்பதே கேள்வி.

உலகின் எல்லா மொழியினருக்கும் பொதுவாக எழுதப்பட்ட நூல் என்பதால், தமிழ் வாசகரிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு செல்வத்தை இது அறியாது. தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆர்ட்டிகிள் செய்யும் வேலை தமிழில் இல்லாமலில்லை. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நம் இருவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். முன்னதற்கு ‘எ புக்’, பின்னதற்கு ‘தி புக்’. இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ இங்கே ஏறத்தாழ ‘தி’யின் வேலையைச் செய்கிறது. சொல் வரிசையும் அவ்வாறே உதவுகிறது: ‘மேசைமேல் புத்தகம் இருக்கிறது’ என்பதில் புத்தகம் புதிது, ‘புத்தகம் மேசைமேல் இருக்கிறது’ என்பதில் அது முன்பே அறிந்தது. உருபை அளவுகோலாகக் கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. மனிதரைக் குறிக்கும் பெயர்களில், ‘ஒரு பையனைப் பார்த்தேன்’ என்பது போல, அறியாதவர்க்கும் ‘ஐ’ வந்துவிடுகிறது. அங்கே ‘ஒரு’ இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டை 72ஆம் பாடத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தவர்கள், விதிகளை மனப்பாடம் செய்தவர்களைவிட விரைவாகத் தேறியதை நான் கண்டிருக்கிறேன்.

‘எ’, ‘அன்’ வேறுபாட்டுக்கும் நம் எழுத்தே துணை செய்யும். உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’ எழுதும் பழக்கம் உள்ளவர்க்கு ‘அன்’ புதிதல்ல. ஆங்கிலத்தில் கணக்கு ஒலிக்கு என்பதால் ஐயம் எழும்போது அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம். ‘யூனிவர்சிட்டி’ யகரத்தில் தொடங்குவதால் ‘எ’. மணி என்னும் பொருளுள்ள ‘அவர்’, மற்றும் ‘எம்.எல்.ஏ.’ ஆகியவை உயிரில் தொடங்குவதால் ‘அன்’. ‘ஒன்’ என்னும் எண்ணுப்பெயர் மட்டும் இதற்கு அடங்காது. அதன் ஆங்கில ஒலிப்பு வகரத்தில் தொடங்குவதால் அதற்கு ‘எ’தான்.

74, 75ஆம் பாடங்கள் மிகப் பயனுள்ளவை. மாணவர் படிக்கப் போனால் ‘டு ஸ்கூல்’, பெற்றோர் கட்டணம் கட்டப் போனால் ‘டு தி ஸ்கூல்’ என்ற வேறுபாடு, ஒரே கட்டடம் அதன் பணிக்காகக் குறிக்கப்படுகிறதா, இடமாகக் குறிக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தது. ‘லைஃப்’, ‘நேச்சர்’, ‘சொசைட்டி’ ஆகியவற்றைப் பொதுவாகப் பேசும்போது ‘தி’ கூடாது என்ற செய்தியும் இப்பகுதியில்தான் பிடிபடும். நான் திருத்தும் கட்டுரைகளில் மிகுதியாக அடிக்கப்படும் ‘தி’ இந்தச் சொற்களின் முன் நிற்பதே. இடப்பெயர்கள் பற்றிய இரண்டு பாடங்களைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆறுகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் ‘தி’ உண்டு, தனி மலைக்கும் ஏரிக்கும் இல்லை என்பதால் ‘தி காவேரி’, ‘தி நீலகிரிஸ்’, ஆனால் வெறும் ‘மவுன்ட் எவரெஸ்ட்’.

குறை என்று நான் கருதுவது பயிற்சிகளின் தன்மையை. பெரும்பாலானவை கோடிட்ட இடத்தை நிரப்புபவை அல்லது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. அந்தக் கோடே இங்கே ஏதோ முடிவு செய்ய வேண்டும் என்று மாணவருக்கு அறிவித்துவிடுகிறது. நாமே எழுதும்போது அப்படிக் கோடு இருப்பதில்லை. ஆர்ட்டிகிளை விட்டுவிடுபவர் தவறான ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை, தேர்வு இருக்கிறது என்பதையே கவனிப்பதில்லை. ஆகவே, பயிற்சியை முடித்தபின் தாமே எழுதிய ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அடிக்கோடிட்டு, எண்ணத்தக்கதா, கேட்பவர் அறிந்ததா என்று கேட்டுப் பார்க்கும்படி சொல்லி வருகிறேன்.

விடைகளுடன் ஒரு பதிப்பும் விடைகளின்றி ஒரு பதிப்பும் விற்பனையில் உள்ளன. ஆசிரியரின்றித் தாமே படிப்பவர்கள் விடைகள் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். நூல் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருப்பதாலும் இடைநிலை மாணவர்களுக்காக எழுதப்பட்டிருப்பதாலும், எளிய ஆங்கில வாக்கியங்களை இன்னும் தயக்கத்துடன் படிப்பவர்கள், இதே ஆசிரியர் தொடக்க நிலைக்கென எழுதிய ‘எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்’ நூலை முதலில் முடித்துவிட்டு இதற்கு வருவது நல்லது.