பிப்ரவரியை எங்கே கழிப்பது: வெயில் ஊரிலா, வீட்டுக்குள்ளா, பனியிலா?

பனி கொட்டும் ஊரில் இருப்பவர்களிடம் பிப்ரவரியை எப்படிக் கழிப்பது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் வெயில் அடிக்கும் இடத்துக்குப் போய் வா என்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே நாளை ஒழுங்குபடுத்திக்கொள், காலையில் ஒளிப்பெட்டி (முகத்துக்கு எதிரே வைத்துக்கொள்ளும் மிகப் பிரகாசமான விளக்கு), மாலையில் டிரெட்மில், நடுவில் ஏதாவது கைவேலை என்பார்கள். மூன்றாவது கூட்டம் கொஞ்சம் சின்னது. குளிரைப் பார்க்காதே, தினமும் வெளியே போ என்பார்கள்.

மூன்றையும் வெவ்வேறு வருடங்களில் செய்து பார்த்துவிட்டு மூன்றாவது கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். அதனால் இந்த ஒப்பீடு சரிசமமாக இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயணத்துக்குத்தான் செலவு அதிகம், வீட்டுக்குள் இருப்பதுதான் சுலபம், வெளியே போனால் குளிரும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவு செய்ய வேண்டிய இடம் வேறு. பிப்ரவரி நமக்கு என்ன தருகிறது, அதை எந்த வழி கையில் கொண்டுவந்து சேர்க்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி தருவது வெளிச்சம். வருடத்தின் மிகக் குட்டையான பகல் டிசம்பர் 21 வாக்கில். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அக்டோபர் 21, இரண்டு மாதம் பின்னால் பிப்ரவரி 20. இந்த இரண்டு நாட்களிலும் சூரியன் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் நிற்கிறது, பகலும் ஏறக்குறைய ஒரே நீளம். அக்டோபர் மூன்றாவது வாரத்தை யாராவது இருட்டு என்று சொல்வார்களா? ஆனால் அதே வெளிச்சம் பிப்ரவரியில் வரும்போது நாம் கவனிப்பதில்லை, ஏனென்றால் குளிர் இன்னும் ஜனவரியிலேயே நிற்கிறது. நிலமும் ஏரியும் கடலும் மாதக்கணக்காக விட்ட வெப்பத்தைத் திரும்பச் சேர்க்க வாரங்கள் பிடிக்கும். சூரியன் திரும்பினாலும் குளிர் உடனே விலகாது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று பனியே கொட்டாத நம் ஊர்களில் சொல்லிவைத்தது இங்கே இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

கணக்காகப் பார்த்தால், 45 டிகிரி வட அட்சரேகையில் பிப்ரவரி 1 அன்று பகல் சுமார் 9 மணி 45 நிமிடம். மாதக் கடைசியில் 11 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. 60 டிகிரியில் இன்னும் வேகம்: சுமார் 8 மணி நேரத்தில் தொடங்கி 10 மணி 20 நிமிடத்தில் முடிகிறது, நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஏறுகிறது. நண்பகல் சூரியனின் உயரமும் அப்படித்தான். 45 டிகிரியில் டிசம்பர் கடைசியில் சுமார் 22 டிகிரி உயரத்தில் தயங்கி நின்றது, பிப்ரவரி கடைசியில் 37க்கு வந்துவிடுகிறது. இதற்குமேல் தரையெல்லாம் பனி. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம்வரை திருப்பி அனுப்பிவிடும். அக்டோபரில் புல்லும் சருகும் விழுங்கிக்கொண்ட வெளிச்சம் பிப்ரவரியில் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. டிசம்பரும் ஜனவரியும் இதை இந்த அளவுக்குத் தருவதில்லை.

சரி, இப்போது பயணம். நான் போனது பிப்ரவரி இரண்டாவது வாரம். அந்த ஏழு நாளும் நன்றாக இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பிய பிறகுதான் கஷ்டம். விமான நிலையத்தின் கதவு திறந்து முதல் மூச்சு இழுத்ததும் மூக்குக்குள் முடி உறைந்து குத்தியது. போவதற்கு முன்னால் மைனஸ் 10 எனக்குச் சாதாரணம். வந்த பிறகு அதே மைனஸ் 10க்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கார் வரை ஓடினேன், பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆனது. ஏழு நாளுக்காகப் போய் மாதத்தின் மிச்சத்தையும் விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வெளிச்சத்தைத் தேடித்தான் போகிறோம் என்றால் டிசம்பரிலோ ஜனவரி தொடக்கத்திலோ போவதுதான் சரி, அப்போதுதான் இங்கே வெளிச்சம் இல்லை. பிப்ரவரியில் கிளம்புவது, பந்தி போடும் நேரத்தில் எழுந்து போவது மாதிரி. நான் போனது ஒரே ஒரு தடவை. குழந்தைகளின் பள்ளி விடுமுறை பிப்ரவரியில்தான் வரும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் வழியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு முழுக் குளிர்காலம் அப்படி இருந்திருக்கிறேன். ஒளிப்பெட்டி ஏமாற்று வேலை இல்லை. 1984இல் நார்மன் ரோசந்தாலும் கூட வேலை செய்தவர்களும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் குளிர்காலச் சோர்வை ஒரு நோயாக வரையறுத்தபோதே ஒளி சிகிச்சையையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். இன்று வழக்கமாகச் சொல்லும் அளவு 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), காலையில் 30 நிமிடம். இதில் பலரும் தவறவிடுவது தூரம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 10,000 லக்ஸ், அவர்கள் சொல்லும் தூரத்தில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும், பெரும்பாலும் ஒரு கை நீளத்துக்குள். மேஜையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தால் அது வெறும் பிரகாசமான விளக்கு. நான் மூன்று வாரம் அப்படித் தள்ளி வைத்துவிட்டுப் பலனில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிட்டே இழுத்த பிறகு காலையில் எழுவது நிஜமாகவே சுலபமானது. கண் நோய் இருப்பவர்களும், மனநிலை மிகவும் ஏறி இறங்கும் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஆனால் பெட்டியை அணைத்ததும் நாம் மறுபடி அறைக்குள்தான் இருக்கிறோம். வீட்டு அறையின் வெளிச்சம் 200, 300 லக்ஸ்தான் இருக்கும். வெளியே மேகம் மூடிய மந்தமான பகலிலும் சில ஆயிரம் லக்ஸ், வெயில் இருந்தால் பத்தாயிரங்களில். நமக்கு ‘இருட்டாக இருக்கிறது’ என்று தோன்றும் நாளின் வெளிப்பக்கம், நாம் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறையைவிடப் பத்து மடங்கு வெளிச்சம். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இது நமக்குத் தெரிவதே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்து ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று முடிவு செய்வதை விட்டேன்.

ஆகவே என் தேர்வு: மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குள் 40 நிமிட நடை, மாதத்தில் 28 நாளும். ஒளிப்பெட்டி உடம்பின் கடிகாரத்தைத் திருத்தும், பயணம் ஏழு நாளைக் காப்பாற்றும். நாள் தவறாமல் வெளிச்சத்தைக் கண்ணில் சேர்ப்பது இந்த நடைதான். கூடவே மாதம் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் வாரத்தில் காலடியில் பனி கிரீச் கிரீச்சென்று கத்தும், மைனஸ் 10க்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். மூன்றாவது வாரத்தில் அது அடங்கிவிடும். மரங்களைப் பாருங்கள். அடிமரத்தின் தெற்குப் பக்கம் பனி ஒரு விரற்கடை பின்வாங்கியிருக்கும், அடுத்த வாரம் ஒரு சாண். காற்று இன்னும் மைனஸில்தான் இருக்கிறது, ஆனால் கருத்த மரப்பட்டை வெயிலைக் குடித்துத் தன்னைச் சுற்றி உருக்கிக்கொண்டிருக்கிறது. டிட் குடும்பத்துச் சின்னப் பறவைகள் பாட ஆரம்பிப்பதும் இப்போதுதான். அவை பார்ப்பது தெர்மாமீட்டரை இல்லை, பகல் நீளத்தை.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: வைட்டமின் டி. 40 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருப்பதால் அதற்குத் தேவையான கதிர் வளிமண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும், கறுத்த தோலுக்கு இன்னும் குறைவு. அதற்கு மாத்திரைதான். ஒளிப்பெட்டியும் அதைத் தராது.

இனி, இந்த வழி நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயம். அது குளிர் இல்லை, ஈரம். நான் முதல் முறை இந்தப் பழக்கத்தைத் தொடங்கி ஒன்பதாவது நாளில் விட்டேன். காரணம் யோசித்துப் பார்த்தால் அற்பமாக இருந்தது: பூட்ஸுக்குள் கை விட்டேன், நேற்றைய ஈரம் ஜில்லென்று விரலில் ஒட்டியது, அப்படியே வாசலில் வைத்துவிட்டேன். அடுத்த நாளும் அதே. காலில் ஊறும் வியர்வை பூட்ஸின் உள்ளுறையில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். ஈரமான உள்ளுறை வெப்பத்தைப் பிடித்துவைக்காது. பூட்ஸ் சூடில்லை என்று இன்னும் விலையுயர்ந்ததை வாங்குகிறார்கள், இருப்பதைக் காய வைத்திருந்தால் போதும்.

இப்போது வந்ததும் முதல் வேலை இதுதான். உள்ளுறையையும் உள்ளே போடும் அட்டையையும் உருவி எடுத்து, தனித்தனியாக ஹீட்டருக்கு அருகில் நிமிர்த்தி வைப்பேன். ஒட்டி வைப்பதில்லை, உள்ளுறையின் ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளித் துணி) சுருங்கும், பசை விடும். மிட்டனை (கட்டைவிரல் தவிர மற்ற விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை) உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கட்டைவிரல் பகுதியைத் தனியாக இழுத்து விடுவேன். அந்த மூலைதான் கடைசியில் காயும். மொத்தம் இரண்டு நிமிடம். குளிர்கால வீட்டுக்குள் காற்று மிகவும் வறண்டிருப்பது இங்கே நமக்குச் சாதகம். மைனஸ் 15 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் நீராவி பிடிக்கும், அதே காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் 18 கிராம்வரை பிடிக்கும். ஆக, வீட்டுக்குள் வரும் காற்று தாகத்தோடு வருகிறது. சாயங்காலம் வைத்தது காலையில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும், வறண்ட தொண்டைக்கும் கொஞ்சம் ஈரப்பதம் மிச்சம்.

உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் பருத்தி குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும். பூட்ஸ் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். விரல்களைப் பிரிக்கும் கையுறையைவிட மிட்டன் மேல். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடம் வியர்த்துவிடும், அப்புறம் ஈரம், அப்புறம் பழைய கதை. காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் அரை மணிக்குள் உறைய வாய்ப்புண்டு, அன்றைக்குப் பத்து நிமிடம் மட்டும் போய் வருவேன். மாதக் கடைசியில் பகலில் உருகி இரவில் உறையும்போது காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் கட்டாயம். சறுக்கி விழுவதுதான் இந்த வழியின் நிஜமான ஆபத்து.

நடப்பதா, ஸ்னோஷூவா (பனியில் கால் புதையாமலிருக்க மாட்டும் அகலமான சட்டம்), கிராஸ் கன்ட்ரி ஸ்கீயா (சமதளப் பனியில் சறுக்கிப் போவது) என்று கேட்டால் நான் நடையையே சொல்வேன், எடுப்பதும் மாட்டுவதும் இல்லை, வேலை நாளின் இடைவேளையில் முடியும். ஆழமான பனிக்கு ஸ்னோஷூ நல்லது, அன்றைக்கே பழகிவிடலாம். ஸ்கீயில் நான் போனது நான்கைந்து முறைதான், அதைப் பற்றி நம்பிக்கையோடு சொல்ல அனுபவம் போதாது.

எல்லோருக்கும் என் முடிவு பொருந்தாது என்பதை என் அக்காவிடம் தெரிந்துகொண்டேன். அவளுக்கு இரவு ஷிஃப்ட். “நீ பன்னிரண்டு மணிக்கு நடக்கக் கூப்பிடுற. எனக்கு அது நடுராத்திரிடா” என்றாள். உண்மைதான். வேலைக்குக் கிளம்பும் முன் ஒளிப்பெட்டி அவளுக்குச் சரியாக இருக்கிறது, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். லீவு நாளில் மட்டும் என்னோடு வருவாள். போன பிப்ரவரிக் கடைசி ஞாயிறு, மைனஸ் 5. தெற்குப் பார்த்த ஒரு கூரையின் ஓரத்தில் பனிக்கட்டி விழுது நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. “மைனஸ்லேயா உருகுது?” என்று கேட்டுவிட்டு, மிட்டனைக் கழற்றிக் கையை நீட்டி இரண்டு சொட்டுப் பிடித்தாள்.