சிலிண்டரா, உலோகத் தொட்டியா? ஹைட்ரஜனைச் சேமிக்க நாங்கள் எடுத்த முடிவு

பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி வைத்துக்கொண்டு, வெயில் முகம் காட்டாத நாட்களில் எரிபொருள் கலம் வழியாக மறுபடி மின்சாரமாக்கலாம் என்று எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்துக்குத் திட்டம் போட்டோம். ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றால் பேட்டரியே போதும். நான்கைந்து நாள் மேகமூட்டத்தைத் தாண்ட வேண்டும் என்றபோதுதான் ஹைட்ரஜன் பக்கம் வந்தோம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் சுமார் 33 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆனால் அடைக்காமல் விட்டால் அந்த ஒரு கிலோவுக்கு 11 கன மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். எதில் அடைப்பது?

சில வழிகளைச் சீக்கிரமே தள்ளிவிட்டோம். திரவமாக்க மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். கையில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அமோனியாவாக மாற்றுவது தொழிற்சாலை அளவுக்குத்தான் சரிப்படும். 2025இல் வேதியியல் நோபல் பெற்றுத் தந்த, நுண்துளைகள் நிறைந்த படிகங்களான உலோக-கரிமக் கட்டமைப்புகள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, ஆனால் ஹைட்ரஜனை நிறையப் பிடித்து வைக்க அவற்றுக்குத் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர் வேண்டும். 700 பார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 700 மடங்கு) தாங்கும் கார்பன் இழைத் தொட்டி காருக்கு அருமை. டொயோட்டா மிராய் அதில்தான் 5 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. ஒரு மூலையில் அசையாமல் நிற்கப்போகும் பொருளுக்கு அது எதற்கு?

கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, 200 பார் எஃகு சிலிண்டரும் அதை நிரப்பக் கம்ப்ரசரும். இன்னொன்று, லாந்தனம்-நிக்கல் கலவைத் தூள் நிரம்பிய உலோக ஹைட்ரைடு தொட்டி. ஹைட்ரஜன் அணுவாகப் பிரிந்து அந்த உலோகப் படிகத்தின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1960களின் கடைசியில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் தெரியவந்த சங்கதி இது.

ஹைட்ரைடு என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது எடை. உண்மைதான், கலவையின் எடையில் 1.4 சதவீதம் அளவுக்குத்தான் ஹைட்ரஜன் ஏறும். ஒரு கிலோவுக்கு 70 கிலோ தூள் வேண்டும். ஆனால் 50 லிட்டர் எஃகு சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். அறுபது கிலோவுக்குக் குறையாது, உள்ளே முக்கால் கிலோ ஹைட்ரஜன்கூட இருக்காது. தொட்டியின் எடையையும் சேர்த்தால் ஹைட்ரைடுதான் கொஞ்சம் கனம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. முதல் வருடம் வாடகைக் கம்ப்ரசரில்தான் ஓட்டினோம். அதன் இதயம் ஒரு மெல்லிய உலோகத் தகடு. கீழே எண்ணெய், மேலே ஹைட்ரஜன், நடுவே அந்த டயாஃப்ரம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். நிற்காமல் ஓடினால் நன்றாக உழைக்கும். எங்களுடையதோ சூரிய மின்சாரம். ஒரு மேகம் கடந்தால் நிற்கும், விலகினால் மறுபடி கிளம்பும், இப்படி ஒரே நாளில் எத்தனையோ தடவை. ஒரு மதியம் கசிவு எச்சரிக்கை அலறியது. திறந்து பார்த்தால் தகட்டின் விளிம்பருகே தலைமுடி போல ஒரு விரிசல். புதுத் தகடு வந்து சேரும்வரை மொத்த அமைப்பும் சும்மா கிடந்தது.

ஹைட்ரைடு தொட்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எங்கள் மின்பகுப்புக் கருவி 30 பாரில் வாயுவைத் தருகிறது. தொட்டிக்கு 10 பாரே தாராளம். கம்ப்ரசரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பதிலுக்கு அது கேட்பது இரண்டு. முதலாவது வெப்பம். நிரப்பும்போது தொட்டி சூடாகும், வாயுவை எடுக்கும்போது குளிரும். ஆரம்பத்தில் எரிபொருள் கலத்தை முழு வேகத்தில் ஓட்டினோம். அரை மணியில் தொட்டியின் மேல் பனி பூத்தது, அழுத்தம் விழுந்தது, கலம் நின்றுவிட்டது. (வால்வு கசிந்தாலும் இப்படித்தான் குளிர்ந்து வேகம் தணியும் என்பது பாதுகாப்புக்கு நல்லது.) கணக்குப் போட்டால் ஒரு கிலோ ஹைட்ரஜனை வெளியே எடுக்கச் சுமார் 4 யூனிட் வெப்பம் தேவை. அதே ஒரு கிலோவை எரிபொருள் கலம் பயன்படுத்தும்போது 15 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வீணாகிறது. கலத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் நீர்க் குழாயைத் தொட்டியைச் சுற்றி ஓட விட்டோம், பிரச்சினை தீர்ந்தது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் காதல் வந்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது சுத்தம். இதில் சமரசமே கூடாது. ஈரமோ ஆக்ஸிஜனோ உள்ளே போனால் தூளின் கொள்ளளவு குறையும். அதனால் ஆக்ஸிஜன் நீக்கி, அதன் பிறகு உலர்த்தி, அப்புறம்தான் தொட்டி. உலர்த்தியின் ஈரம் உறிஞ்சும் பொருளைக் கால அட்டவணைப்படி மாற்றுவதுதான் இப்போது எங்கள் முக்கியமான பராமரிப்பு வேலை. சிலிண்டர் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது, இவ்வளவு கெடுபிடி செய்யாது. வெளியிலிருந்து நிரப்பிய சிலிண்டரை வாங்கிப் பயன்படுத்துபவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம், கம்ப்ரசர் தலைவலி அவர்களுக்கு இல்லையே.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹைட்ரஜன் ஏறும்போது தூள் கால் பங்கு வரை உப்பும், இறங்கும்போது சுருங்கும். அதில் பொடிந்து பொடிந்து அடியில் படிந்து தொட்டிச் சுவரை நெருக்கவும் செய்யும். எங்களுக்கு இருப்பது மூன்று வருட அனுபவம் மட்டுமே, பத்தாவது வருடத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. தொட்டியைப் படுக்க வைத்திருக்கிறோம், உள்ளே காலி இடம் விட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் எத்தனை லிட்டர் ஏறியது என்று நோட்டில் எழுதி வைக்கிறோம். முதல் பக்கத்து எண்ணுக்கும் போன வாரத்து எண்ணுக்கும் இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை.