தொழில் அலுவலகத்தின் பாதீடு: போன வருடக் கணக்கா, வேலைக் கணக்கா?

திறைசேரியின் பாதீட்டுச் சுற்றறிக்கை வந்ததும் வன்னியில் வேலைத்தலங்களைச் சோதித்து, தொழிலாளர் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒரு தொழில் அலுவலகத்துக்கு இரண்டு வழி உண்டு. போன வருடத் தொகையோடு பத்து வீதம் கூட்டிப் போடுவது ஒன்று. அடுத்த வருடம் எத்தனை வேலைத்தலங்களைச் சோதிப்பது, எத்தனை நாள் நீதிமன்றம் போவது என்று எண்ணி, அதிலிருந்து தொகையைக் கட்டும் வேலைக் கணக்கு மற்றது.

முதல் வழி அரை நாளில் முடியும். மின்சாரம், தண்ணீர், காகிதாதிகளுக்கு அது தாராளமாகப் போதும். பிரயாணத்துக்குத்தான் அது உதவாது. போன வருடம் வாகனம் மூன்று மாதம் கராச்சில் கிடந்திருந்தால் எரிபொருள் செலவு குறைவாகவே காட்டும். அதற்கு மேல் பத்து வீதம் கூட்டினால், ஓடாத வாகனத்தின் கணக்கைத்தான் மறுபடி கேட்கிறோம். விசாரிக்கப் போக எரிபொருள் இல்லாமல் நெல் ஆலைத் தொழிலாளியின் சேமலாப நிதி முறைப்பாடு கிடப்பில் போவது இப்படித்தான்.

வேலைக் கணக்கு கிலோமீற்றரில் தொடங்கும். மாங்குளம் சந்தியிலிருந்து ஏ34 வீதியில் முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர், போய்வர 100. மாதம் பத்து நாள் என்றால் 1,000. லீற்றருக்குப் பத்து ஓடும் டபுள் கப்புக்கு 100 லீற்றர் டீசல் வேண்டும். லீற்றருக்கு நாற்பது ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 25 லீற்றர் பெற்றோல் போதும். ஒட்டுசுட்டான், துணுக்காய் உள்வீதிகளில் கூடுதலாக ஓடும் தூரத்தை வாகன ஓட்டப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும்.

அதற்காக மோட்டார் சைக்கிள்தான் மலிவு என்று முடிவுகட்ட முடியாது. மார்கழி மழையில் சம்பளப் பதிவேடுகளின் பிரதிகளோடு அதில் திரும்புவது பெரும்பாடு. இரண்டுக்கும் பாதீட்டில் பணம் வரும் செலவுக் குறியீட்டு எண்ணும் வேறு. உத்தியோகத்தரின் சொந்த மோட்டார் சைக்கிள் 1101 உள்நாட்டுப் பிரயாணத்தில் வரும். அலுவலக வாகனத்துக்கு 1202 எரிபொருள், 1301 வாகனப் பராமரிப்பு, சாரதிக்கு 1002 மேலதிக நேரம் என மூன்றிலும் கேட்க வேண்டும். வழக்கமாகத் தவறுவது இந்த மூன்றாவதுதான். டீசல் இருக்கும், அலுவலக நேரம் முடியும் மாலை நான்கேகாலுக்குப் பிறகு வாகனம் ஓடாது. 1101இல் ஒன்றுமே கேட்காமல் விடுவதும் பிழை. வாகனம் படுத்தால் அரசின் நிதிப் பிரமாணம் 66இன்படி ஒரு குறியீட்டிலிருந்து மற்றதுக்குத் தொகையை மாற்ற அனுமதி வர வேண்டும். அது வருவதற்குள் டிசம்பர் 31 தாண்டினால் மீதி திரும்பிப் போய்விடும்.

நீதிமன்ற நாட்கள் தனி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி சம்பளத்தில் தொழில்தருநர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்த வேண்டும். நிலுவையை அறவிட அச்சட்டத்தின் 38(2) பிரிவின்படியான சான்றிதழை நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், ஒவ்வொரு தவணையும் ஓர் உத்தியோகத்தரின் ஒரு வேலைநாள். பத்து வழக்கு, நான்கு தவணை என்றால் 40 நாள். அந்த நாட்களைச் சோதனை நாட்களிலிருந்து முதலில் கழித்துவிட வேண்டும்.

மாதப் பங்கீட்டிலும் வேலைக் கணக்கே வெல்கிறது. காலபோக (பெரும்போக) நெல் அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் ஆலைகள் முழுமூச்சாக ஓடும். நாட்கூலி ஆட்கள் நிறைந்திருக்கும் நேரம் அது. வருட ஆரம்பத்தில் காசு விடுவிப்பு மெதுவாகத்தான் வரும். தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் போட்டால் சோதிக்க வேண்டிய மாதத்தில் கை வெறுமையாக இருக்கும். முதல் காலாண்டுக்குக் கூடுதலாகக் கேட்டு, காரணத்தையும் எழுதுங்கள்.

வேலைக் கணக்குக்கு இரண்டு கிழமையாவது பிடிக்கும். 400 சோதனை என்று எழுதி 200 செய்தால் கணக்காய்வு வினா வரும், அடுத்த வருடத் தொகையும் குறையும். ஆனாலும் பிரயாணம், எரிபொருள், பராமரிப்பு, மேலதிக நேரம் ஆகிய நான்குக்கும் இதைத்தான் செய்ய வேண்டும். தலைமை அலுவலகம் வெட்ட நினைத்தால், எத்தனை ஆலைகள் சோதிக்கப்படாமல் போகும் என்பதும் அதே தாளில் தெரியும். அந்த எண்ணிக்கையை மதிப்பீட்டின் முதற் பக்கத்திலேயே போடுங்கள். பின்னிணைப்பில் போட்டால் யாரும் புரட்டமாட்டார்கள்.