கேமரா முதலில் வேண்டாம்: ஊழியர் கையாடலைத் தடுக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

கல்லாவில் பணம் குறைகிறது என்று சந்தேகம் வந்ததும் முதலாளிகள் பெரும்பாலும் முதலில் கேமராதான் மாட்டுகிறார்கள். ஏதோ செய்துவிட்டோம் என்ற திருப்தியும் கிடைக்கிறது. மற்ற வழிகளோடு அருகருகே வைத்துப் பார்த்தால், என் கணக்கில் கேமராவுக்கு மூன்றாவது இடம்தான்.

வழக்கமான ஒரு தில்லுமுல்லைப் பாருங்கள். வாடிக்கையாளர் ரொக்கம் கொடுத்துப் பொருளை வாங்கிப் போகிறார். அவர் வாசலைத் தாண்டியதும் காசாளர் அந்தப் பில்லை ரத்து செய்கிறார். கணக்குப்படி அந்த விற்பனை நடக்கவே இல்லை. அந்தத் தொகை மட்டும் கல்லாவில் உபரியாகக் கிடக்கும். கடை அடைக்குமுன் அதை எடுத்துவிட்டால் கல்லாவும் கணக்கும் காசு பிசகாமல் ஒத்துப்போகும். கேமராவில் என்ன தெரியும்? ஒருவர் கணினியில் ஏதோ தட்டுகிறார், பிறகு கல்லாவைத் திறக்கிறார். நாள் முழுக்க அவர் செய்வதே அதுதானே! எந்த நிமிடத்துப் பதிவைப் பார்க்க வேண்டும் என்பதை ரத்தான பில்களின் பட்டியல்தான் சொல்லும். அந்தப் பட்டியலை யாரும் எடுத்துப் பார்க்காத கடையில் கேமரா வெறும் அலங்காரம்.

கேமராவுக்கு உரிய இடம் கிடங்கு வாசலும் பின்கதவும். சரக்கு பெட்டி பெட்டியாக வெளியே போவது படத்தில் தெளிவாகத் தெரியும்.

முதலிடம் வேலையைப் பிரிப்பதற்கு. பில் போடுபவர் ஒருவர், ரத்துக்கு அனுமதி தருபவர் வேறொருவர், பணத்தை எண்ணுபவர் மூன்றாமவர். எண்ணுபவரிடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அவர் எண்ணி எழுதிக் கொடுத்த பிறகே கணினித் தொகையோடு ஒப்பிட வேண்டும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கொஞ்சம் முணுமுணுப்பு வரும், அவ்வளவுதான். அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, கல்லாவில் கை வைக்கும் பணியாளர்களைச் சமாளிக்க முடியாமல் 1879-இல் பணப்பதிவு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆளைக் கண்காணிப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு விற்பனையையும் பதிய வைப்பதுதான் அவர் பிடித்த வழி.

மூன்றே பேர் வேலை செய்யும் இடத்தில் இப்படிப் பிரிக்க ஆளில்லை என்பார்கள். உண்மைதான். அங்கே ஒரு சிறு வேலையை முதலாளி தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்: பேங்க் ஸ்டேட்மென்ட். கணக்கு எழுதுபவர் கைக்குப் போகுமுன் அது நேராக முதலாளியிடம் வர வேண்டும்.

அடுத்தது வருடாந்தரத் தணிக்கையா, கட்டாய விடுப்பா என்ற கேள்வி. இதற்கு இலினாய்ஸ் மாநிலத்தின் டிக்சன் என்ற சிறு நகரத்தின் கதை போதும். நகராட்சியின் நிதி அதிகாரி ரீட்டா கிரண்ட்வெல், 1990 முதல் 2012 வரை 5.3 கோடி டாலருக்கும் மேல் கையாடினார். நகராட்சியின் பெயரிலேயே ரகசியமாக ஒரு வங்கிக் கணக்கு, பொய் விலைப்பட்டியல்கள், அந்தப் பணத்தில் காட்சிப் போட்டிகளுக்காக வளர்த்த குதிரைகள். ஆண்டுதோறும் தணிக்கை நடந்துகொண்டுதான் இருந்தது. 2011-இல் அவர் நீண்ட விடுப்பில் போனபோது, அவர் இடத்தில் உட்கார்ந்த ஊழியர் எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டையும் வங்கியிடம் கேட்டார். யாருக்கும் தெரியாத ஒரு கணக்கும் கூடவே வந்தது. 2013-இல் கிரண்ட்வெல்லுக்கு 19 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வருடக்கணக்கில் லீவே எடுக்காத, "நான் இல்லாவிட்டால் வேலை ஓடாது" என்கிற ஊழியரை மெச்சிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நான் அங்கேதான் முதலில் பார்ப்பேன்.

தணிக்கையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மாதிரிக்கு எடுத்த சில பதிவுகளைத்தான் துருவும். திருடனைத் தேடுவது அதன் முதல் வேலையல்ல. மோசடி ஆய்வாளர் சங்கமான ஏசிஎஃப்இ வெளியிட்ட 2024 அறிக்கையில், வெளித்தணிக்கையால் முதலில் அகப்பட்டவை 3 சதவீதம். யாரோ துப்புக் கொடுத்ததால் அகப்பட்டவை 43 சதவீதம். துப்புக் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் உள்ளே வேலை செய்பவர்களே. ஆக, பெயர் வெளியே வராமல் சொல்ல ஒரு வழி வைப்பதற்கு இரண்டாம் இடம் தருவேன். சொன்னவரைப் பழிவாங்கினால் அடுத்த துப்பு வராது.

வேலைக்கு எடுக்குமுன் பின்னணி விசாரிப்பது நல்லதே, ஆனால் கையாடியவர்களில் பெரும்பாலோர் மீது அதற்கு முன் எந்த வழக்கும் இருந்ததில்லை. காப்பீடோ திருட்டைத் தடுக்காது, பின்னால் ஈடு தரும். அதிலும் இருப்புக் கணக்கில் குறைகிறது என்பதை மட்டும் காட்டினால் பல பாலிசிகளில் பணம் வராது. யார், எப்படி என்று நிரூபிக்க வேண்டும். அதற்கும் மறுபடி அந்த ரத்துப் பட்டியலும் கையெழுத்துகளும்தான் தேவைப்படும்.

இத்தனையையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, அவசரத்துக்குச் சீட்டு எழுதாமல் கல்லாவிலிருந்து பணம் எடுக்கும் முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். அன்று மாலை கல்லா குறைந்தால் காசாளரிடம் என்னவென்று கேட்பது?