மருத்துவமனை நூலகச் சேவை: வார்டு கம்ப்யூட்டரில் பல வருடம் பயன்படுத்திய பிறகு

நூலக லாகினைப் புதுப்பித்துவிட்டோம், இனி வீட்டிலிருந்தும் போனிலும் திறக்கலாம் என்று சுற்றறிக்கை வந்ததிலிருந்து வார்டில் ஒரே கேள்விதான்: "சிஸ்டர், இப்பவாவது லைப்ரரி உபயோகப்படுமா?" பப்மெட், சினால் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்கள், காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு எல்லாம் என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் நேராகக் குறைக்கே வருகிறேன்.

மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கிறவரை மனதில் வைத்துத்தான் இந்தச் சேவையை அமைத்திருக்கிறார்கள். வார்டில் யாரும் அப்படிப் படிப்பதில்லை. இரவு இரண்டரை மணிக்கு மருந்து ரவுண்டு முடிந்து ஐந்து நிமிடம் கிடைக்கும். தேடி, நாற்பது தலைப்புகளைப் பன்னிரண்டாகக் குறைத்து, இரண்டாவது சுருக்கத்தைப் படிக்கத் தொடங்கும்போது காலிங் பெல் அடிக்கும். யூரின் பேக் மாற்றி, கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால் திரையில் லாகின் பக்கம் நிற்கும். தேடியது, வடிகட்டியது எதுவும் மிச்சமில்லை. எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் வெளியேற்ற வேண்டும் என்பது நிர்வாகம் மாற்றக்கூடிய அமைப்பு. இத்தனை முறை கேட்டும் மாற்றவில்லை என்பதில்தான் எனக்குக் கோபம். பொதுக் கம்ப்யூட்டர், பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நோயாளி விவரம் இருக்கும் மென்பொருளுக்கு வைக்கும் அதே பூட்டை, யாருடைய ரகசியமும் இல்லாத ஆய்வுக் கட்டுரைக்கும் எதற்கு வைக்க வேண்டும்?

இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. அவற்றை யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவதில்லை. முதலில், லாகின் இரண்டு இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனை லாகின், அது சந்தா கட்டியிருக்கும் தளங்களின் கதவைத் திறக்க மட்டும்தான். தேடலைச் சேமிக்க, தரவுத்தளத்துக்குள்ளேயே உங்கள் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். பப்மெட்டில் அது மை என்சிபிஐ. இலவசம்தான். அதில் ஒரு தேடலைச் சேமித்து வைத்தால், புதிய கட்டுரை வரும்போது வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ மின்னஞ்சலில் வந்துவிடும். அடுத்து, பிரவுசரின் மேலே தெரியும் முகவரியை நகலெடுத்து வைக்காதீர்கள். சந்தாத் தளங்களில் பெரும்பாலும் அது அந்த லாகின் இருக்கும் வரைக்குமான முகவரி, மறுநாள் திறக்காது. நிரந்தர இணைப்பு என்று தனியே ஒரு பொத்தான் இருக்கும், அதை எடுங்கள். அதற்கும் நேரமில்லையா? கட்டுரைக்குக் கீழே இருக்கும் பப்மெட் எண்ணை டியூட்டி மாறும்போது கைமாற்றும் ஹேண்டோவர் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் கட்டுரைகளுக்கு அது 8 இலக்கம். எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த எண்ணை மட்டும் தேடல் பெட்டியில் போட்டால் அதே கட்டுரை வந்து நிற்கும்.

தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லை வைத்துத் தேடுகிறார்கள். படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்வோம். பெட்சோர், டெக்யூபிடஸ், பிரஷர் அல்சர் என்று பழைய கட்டுரைகளில் மூன்று பெயர். அமெரிக்காவின் தேசியப் படுக்கைப்புண் ஆலோசனைக் குழு 2016-ல் பெயரை பிரஷர் இஞ்சுரி என்று மாற்றியது. ஒன்றை மட்டும் போட்டால் மற்ற பெயரில் வந்தவற்றில் பல நழுவிவிடும். நான்கையும் 'ஆர்' (OR, ஏதாவது ஒன்று) போட்டு அடைப்புக்குறிக்குள் சேர்த்து, அதற்குப் பிறகு 'அண்ட்' (AND, இதுவும் வேண்டும்) போட்டு மெத்தையையோ திருப்பிப் படுக்கவைப்பதையோ இணைக்க வேண்டும். பப்மெட் கட்டுரைகளுக்கு ஏற்றும் பொதுக் குறிச்சொல்லான மெஷ் தலைப்பை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான்: இன்னும் குறிச்சொல் ஏறாத புதுக் கட்டுரைகள் அதில் விழாது. தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொல்லையும் சேர்த்தே தேடுங்கள்.

இனி இந்தச் சேவையில் உண்மையிலேயே அருமையான விஷயம். அது நூலகர். 'கேனுலா பற்றிக் கட்டுரை வேண்டும்' என்று எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நான்கு வரி போதும்: நோயாளி யார் (பெரியவர், கையில் ஐவி கேனுலா, அதாவது ரத்தக்குழாயில் மருந்து ஏற்றச் செருகும் சிறு குழாய்), என்ன செய்கிறோம் (72 மணி நேரம் ஆனதும் மாற்றுகிறோம்), எதோடு ஒப்பிட வேண்டும் (வீக்கமோ வலியோ வந்தால் மட்டும் மாற்றுவது), எதைப் பார்க்க வேண்டும் (ரத்தக்குழாய் அழற்சி, ரத்தத் தொற்று). கூடவே எப்போது வேண்டும், யாரிடம் காட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நல்ல நூலகர் உடனே திருப்பிக் கேட்பார்: "பச்சிளங்குழந்தை வார்டும் சேர்த்தா சிஸ்டர்?" அந்த ஒரு கேள்வியிலேயே வேலை பாதி முடிந்துவிடும்.

அவரிடமிருந்து வருவது வெறும் பட்டியல் கிடையாது. பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதைவிட அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்ற அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டுதல் இருக்கும். இரண்டு முறைக்கும் ரத்தத் தொற்றில் தெளிவான வித்தியாசம் இல்லை என்ற காக்ரேன் தொகுப்பாய்வும் இருக்கும். அதே தொகுப்பாய்வில், திசுவுக்குள் கசிவதும் அடைத்துக்கொள்வதும் நேரக் கணக்கு வைத்து மாற்றிய குழுவில் குறைவாக இருந்திருக்கலாம் என்ற வரியை மஞ்சளில் அடிக்கோடிட்டு அனுப்புவார். அவசரத்தில் முடிவுப் பகுதியை மட்டும் படிப்பவர் தவறவிடுவது அந்த வரியைத்தான். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு கேட்டால் பதில் தயாராக இருக்கும். முழுக் கட்டுரை சந்தாவில் இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து வாங்கித் தருவார். தயவுசெய்து சொந்தப் பணம் கட்டி வாங்காதீர்கள்.

செவிலியர்கள் நூலகத்தைவிடப் பக்கத்தில் நிற்கும் சீனியரைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்று குறை சொல்வார்கள். சீனியருக்கு அந்த நோயாளியைத் தெரியும், அரை நிமிடத்தில் பதில் கிடைக்கும், நடுவில் லாகின் இல்லை. அதில் என்ன தவறு? சீனியர் சொல்வது எந்த வருடத்து நடைமுறை என்பதை மட்டும் யாராவது எப்போதாவது சரிபார்க்க வேண்டும். நூலகம் இருப்பது அதற்காகத்தான். அந்த இடத்தில்தான் அது கதவை மூடிக்கொள்கிறது.

மதிப்பெண் கேட்டால் நூலகருக்கு ஐந்துக்கு ஐந்து, சேவைக்கு இரண்டு. புது லாகினிலும் அதே வெளியேற்றம் அப்படியே இருக்கிறது என்பதால் ஒன்றரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரவு டியூட்டியில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது தடவையும் லாகின் பக்கம் வந்து நின்றால் அதை மூடிவிட்டு, அந்த நான்கு வரியை நூலகருக்கு மின்னஞ்சலில் போட்டுவிட்டு வார்டுக்குத் திரும்புங்கள்.