ஏற்காட்டில் அமர்ந்து பென்குயின் எண்ணலாம்: ‘பென்குயின் வாட்ச்’ சேவை பற்றி ஒரு மதிப்புரை

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஜூனிவர்ஸ் என்னும் மக்கள் அறிவியல் தளத்தில் தொடங்கிய ‘பென்குயின் வாட்ச்’ ஓர் இலவசச் சேவை. அண்டார்க்டிகத் தீபகற்பத்திலும் அதையொட்டிய தீவுகளிலும் நிறுத்தப்பட்டிருக்கும் தானியங்கி கேமராக்கள் எடுத்த படங்களை அது பொதுமக்கள் முன் வைத்து, அவற்றில் தெரியும் பென்குயின்களைக் குறித்துத் தரும்படி கேட்கிறது. சேலத்தில் வீட்டுக் கணினியிலும், ஏற்காட்டில் நான் பணியாற்றும் பள்ளியின் கணினி அறையிலும் இதைப் பயன்படுத்தி வருகிறேன். பசுமைப் படை மாணவர்களுக்கு இது ஏற்றதா என்று சக ஆசிரியர்கள் சிலர் கேட்டதால் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வேலை எளிது. ஒரு படம் திரையில் வரும். பெரிய பறவை, குஞ்சு, முட்டை, மற்றவை என்ற பிரிவுகளில் பொருத்தமானதைத் தேர்ந்து, படத்தில் அந்தந்த இடத்தைச் சொடுக்க வேண்டும். மூன்று இனங்கள்தான் பெரும்பாலும் கண்ணில் படும். செம்மஞ்சள் அலகும், உச்சந்தலையில் ஒரு கண்ணிலிருந்து மறு கண் வரை ஓடும் வெள்ளைப் பட்டையும் இருந்தால் ஜென்டூ. கரிய தலையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் அடேலி. தாடைக்குக் கீழே மெல்லிய கருங்கோடு ஓடினால் சின்ஸ்டிராப். முதல் சில படங்களிலேயே மாணவர்கள் இவற்றைப் பிரித்தறியப் பழகிவிடுகிறார்கள். பழகாதது, அழகான பனிப்பரப்பை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைக்கும் ஏமாற்றம். கூடு கட்டும் காலத்துப் படங்களில் வெண்பனியைக் காட்டிலும் சேறும், கூழாங்கல்லும், கிரில் என்னும் இறால் போன்ற சிறு கடலுயிரியைத் தின்ற பறவைகளின் இளஞ்சிவப்பு எச்சமுமே மிகுதி. லென்ஸில் பனி அப்பி, வெறும் வெளுப்பாக வரும் படங்களும் உண்டு. அவற்றையும் பார்த்து, ஒன்றும் இல்லை என்று பதிவு செய்வதும் வேலையின் பகுதிதான்.

சிக்கல் குஞ்சுகளில் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு ஜென்டூவின் வயிற்றுப் பக்கத்தைக் காட்டி, “மிஸ், இது குஞ்சா, கல்லா?” என்று கேட்டாள். ஜென்டூ தன் கூட்டைக் கூழாங்கற்களைக் குவித்துத்தான் கட்டுகிறது. சாம்பல் நிறக் குஞ்சோ தாயின் அடியில் பாதி மறைந்தே கிடக்கும். அந்தப் படத்தில் திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தும் என்னால் முடிவு சொல்ல இயலவில்லை. சேவையின் அமைப்பு இந்த ஐயத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்கிறது என்பதுதான் அதன் சிறப்பு. ஒரே படத்தை ஒருவரையொருவர் அறியாத பலர் பார்க்கிறார்கள். அவர்கள் சொடுக்கிய புள்ளிகள் எங்கே நெருங்கிக் குவிகின்றனவோ அங்கே ஒரு பறவை இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. இப்படிக் கிடைக்கும் எண்ணிக்கையை வல்லுநர்கள் எண்ணியதோடு ஒப்பிட்டபோது, பெரிய பறவைகளில் நல்ல ஒற்றுமையும் குஞ்சுகளில் குறைந்த ஒற்றுமையும் இருந்ததாக ஆய்வாளர்களே வெளியிட்டிருக்கிறார்கள். தன் கருவியின் பலவீனத்தைத் தானே அளந்து சொல்லும் சேவை நம்பிக்கைக்கு உரியது என்று நினைக்கிறேன். “உறுதியாத் தெரிஞ்சா குறிம்மா, இல்லைன்னா விட்டுடு” என்று அவளிடம் சொன்னேன்.

பறவைகளை எண்ணிக் காலநிலையை எப்படி அறிவது என்ற கேள்வி பெற்றோர் கூட்டம் வரை வந்தது. அண்டார்க்டிகத் தீபகற்பம் உலகிலேயே வேகமாக வெப்பமடைந்துவரும் பகுதிகளுள் ஒன்று. அங்கே கடற்பனி குறைந்தால், பனிக்கு அடியில் வளரும் பாசியை உண்டு குளிர்காலத்தைக் கழிக்கும் இளம் கிரில்கள் பாதிக்கப்படுகின்றன. கிரிலை நம்பியிருக்கும் அடேலியும் சின்ஸ்டிராப்பும் அடுத்து அடி வாங்குகின்றன. எலிஃபன்ட் தீவில் 2020-இல் எண்ணியபோது, 1971-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட, சின்ஸ்டிராப் இணைகள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்திருந்தன. ஜென்டூவோ பனி குறைந்த நிலத்தை விரும்புவது, மீனும் கிரிலும் கிடைத்ததைத் தின்பது. ஆகவே தீபகற்பத்தில் அது பெருகித் தெற்கு நோக்கிப் பரவுகிறது.

ஆனால் தலை எண்ணிக்கை தாமதமாகப் பேசும் அளவுகோல். பென்குயின் பல ஆண்டுகள் வாழும் பறவை. ஒரு பருவத்தில் குஞ்சுகள் எல்லாம் மடிந்தாலும், வளர்ந்த பறவைகள் அடுத்த ஆண்டும் கூடு கட்டும் அதே மேட்டுக்கு வந்து நிற்கும், எண்ணுபவருக்குக் குறை எதுவும் தெரியாது. எப்போது வந்தன, எப்போது முட்டையிட்டன, எத்தனை குஞ்சு தேறியது என்ற தேதிக் கணக்குதான் கேட்டை முதலில் காட்டிக் கொடுக்கும். அந்தக் கணக்கை எடுக்க ஐப்பசி முதல் மாசி வரை ஒவ்வொரு மேட்டிலும் ஓர் ஆளை உட்கார வைக்க முடியாது. அங்கே பகல் முழுக்கக் குறித்த இடைவெளியில் படம் எடுத்தபடி, ஆண்டுக்கொரு முறை கப்பலில் வந்து மின்கலமும் நினைவட்டையும் மாற்றும் வரை தனியே நிற்கும் கேமராவால் அது முடிகிறது. இந்தக் கேமராக்களின் 2012 முதல் 2022 வரையிலான படங்களை வைத்து 2026 ஜனவரியில் வெளியான ஆய்வு, பத்தே ஆண்டுகளில் ஜென்டூக்கள் கூடு கட்டும் இடத்துக்கு வந்து சேரும் நாள் சராசரியாக 13 நாள் முன்னே நகர்ந்திருப்பதாகவும், அடேலியும் சின்ஸ்டிராப்பும் சுமார் 10 நாள் முந்தியிருப்பதாகவும் காட்டியது. பறவைகளிடம் பதிவான மிக வேகமான மாற்றங்களுள் இது ஒன்று. குஞ்சு பொரிக்கும் நாளும் கடலில் இரை பெருகும் நாளும் ஒத்துப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதோடு, முன்பு முன்பின்னாகக் கூடு கட்டிய இனங்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டால் எது தோற்கும் என்பதும் இப்போது எழுந்திருக்கும் கவலை.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் சிரமப்படவில்லை. அவர்களில் பலர் காப்பித் தோட்டங்களில் வேலை பார்க்கும் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். பங்குனி, சித்திரையில் பெய்யும் பூ மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் செடி வெள்ளையாகப் பூக்கும் என்பதும், அந்த மழை முந்தினாலோ பிந்தினாலோ, அளவு குறைந்தாலோ, விளைச்சல் எப்படி மாறும் என்பதும் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. மழையளவை நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கும் பழைய தோட்டக்காரர்கள் இன்னும் இந்த மலையில் இருக்கிறார்கள். அந்த நோட்டும் கேமராவின் படவரிசையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று சொன்னவுடன், வகுப்பில் ஒருவன் தன் தாத்தாவின் நோட்டைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டான். கொண்டு வந்தான், அது தனிக் கதை.

குறையாக எனக்குத் தோன்றுவன சில உண்டு. படங்கள் வரிசை குலைந்து வருகின்றன. ஒரு கூட்டில் முட்டையைக் குறித்தவர், அது பொரித்ததா என்று தொடர்ந்து பார்க்க முடியாது. சார்பில்லாமல் எண்ண இந்த ஏற்பாடு உதவும் என்றாலும், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதனால் ஆர்வம் வடிந்துவிடுகிறது. மேலும், பென்குயின் கண்காணிப்பு முழுவதும் இதுதான் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. டேஞ்சர் தீவுகளில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட அடேலி இணைகள் இருப்பதை 2018-இல் உலகுக்குச் சொன்னவர்கள், முதலில் செயற்கைக்கோள் படங்களில் எச்சக் கறையைப் பார்த்துத்தான் அங்கே போனார்கள். கடற்பனி மீதே குஞ்சு வளர்க்கும் எம்பெரர் பென்குயின்களையும் விண்ணிலிருந்துதான் பெரும்பாலும் கணக்கெடுக்கிறார்கள். 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலோரம் பனி முன்கூட்டியே உடைந்ததால் ஐந்து குடியிருப்புகளில் நான்கு ஒரு குஞ்சையும் தேற்றவில்லை என்பது அப்படித் தெரிய வந்ததே. இந்தப் பகுதியை நான் தனியாக ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுத்தேன்.

இனி மனிதர் எதற்கு, கணினியே எண்ணிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தன்னார்வலர்கள் சொடுக்கிய புள்ளிகளைக் கொண்டே பயிற்றப்பட்ட ‘பெங்பாட்’ என்ற நிரல் ஏற்கெனவே எண்ணுகிறது. அதற்குப் பாடம் சொல்லவும், அது தடுமாறும் இடத்தைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும்.

பறவைகள் மீது ஆசை வர வேண்டும் என்பதே நோக்கமானால், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் பிள்ளைகளை மூக்கனேரிக்கோ ஏற்காடு ஏரிக்கோ அழைத்துப் போவதையே முதலில் பரிந்துரைப்பேன். பார்த்ததை மட்டும் பதியும் ஒழுக்கம் வர வேண்டுமானால் பென்குயின் வாட்ச் நல்ல பயிற்சி.

நடைமுறைக்கு வருவோம். பெயர் பதிவு செய்யாமலே பயன்படுத்தலாம், கட்டணம் இல்லை. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் என் செல்பேசி இணைப்பு படுத்துவிடும் என்பதால், மேலே போய்க் கைப்பேசியில் செய்துகொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். கம்பிவழி இணைய இணைப்பும் பெரிய திரையும் தேவை, சிறு திரையில் குஞ்சு தெரியாது. வழிகாட்டிக் குறிப்புகளை நான் ஆங்கிலத்திலேயே படித்தேன். மாணவர்களுக்காக மூன்று இனங்களின் தலையையும் வரைந்து, தமிழில் ஒரு பக்கத் தாள் தயாரித்துக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒரு கணினிக்கு இருவரை உட்கார வையுங்கள், ஒருவர் சொடுக்க மற்றவர் ஆட்சேபிக்கட்டும். பாடவேளை முழுவதையும் இதற்குக் கொடுக்காதீர்கள். இருபது நிமிடம் கழிந்தால் பிள்ளைகள் கல்லையும் குஞ்சென்று குறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.